டர்பன்ல பெரோவ்ஸ்கைட் எல்ஈடி பண்ணணும்னா எந்த ரூட்டு?

தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருக்கிற எங்க ரிசர்ச் க்ரூப்ல அடுத்த ப்ராஜெக்ட் பெரோவ்ஸ்கைட் எல்ஈடிதான்னு, அதாவது ஈயமும் (லெட்) அயோடைடு, புரோமைடு மாதிரி ஹாலைடும் சேர்ந்த படிகத்தை வெச்சு வெளிச்சம் தர்ற டிவைஸ்தான்னு முடிவாயிடுச்சு, ஆனா அதுல எந்த ரூட்டுன்னுதான் இன்னும் சண்டை ஓடிக்கிட்டிருக்கு. ஒருத்தர் குட்டிக்குட்டிப் படிகமான நானோகிரிஸ்டல்தான் எதிர்காலம்ங்கறாரு, இன்னொருத்தர் அடுக்கடுக்கா இருக்கிற குவாசி-2டி தவிர வேற பேச்சே பேச மாட்டேங்கறாரு, பக்கத்து சாட்ஸ்வர்த்ல இருந்து வர்ற எம்எஸ்சி தங்கச்சி ஒண்ணு "ஏண்ணா இவ்ளோ யோசிக்கிறீங்க, எதுல ஈக்யூஈ (எக்ஸ்டர்னல் குவாண்டம் எஃபிஷியன்சி) ஜாஸ்தியோ அதை எடுத்துக்கலாமே"ங்குது. கேள்வி நியாயம்தான். ஆனா அந்த அளவுகோலை வெச்சு முடிவெடுத்தா நம்மள மாதிரி காத்து புகாத ஒரே க்ளவ்பாக்ஸ், கரைசலைச் சுத்தி மெல்லிசா பரப்புற ஒரே ஸ்பின் கோட்டர், மெட்டலை ஆவியாக்கிப் படிய வைக்கிற, பக்கத்து லேப்ல நேரம் கேட்டு வாங்குற எவாப்பரேட்டர்னு இருக்கிற ஆளுங்க நடுவழியில நிப்போம்ங்கறது என் கட்சி. ஏன்னு விலாவாரியா எழுதிடறேன், சென்னை, யாழ்ப்பாணம், போர்ட் லூயிஸ்னு கடலோர ஊர்ல இதே வேலை பண்றவங்களுக்கும் உதவும்.

முதல்ல ஈக்யூஈ கதை. உள்ள போற எலக்ட்ரான் நூறுன்னா வெளிய வர்ற ஃபோட்டான் எத்தனை, அவ்வளவுதான் அந்த நம்பர். 2014ல கேம்பிரிட்ஜ்ல ரிச்சர்ட் ஃபிரெண்ட் க்ரூப்பு ரூம் டெம்பரேச்சர்லயே எரியுற முதல் டிவைஸைக் காட்டினப்போ நியர் இன்ஃப்ராரெட்ல (செவப்பைத் தாண்டின, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்) 0.76 சதவீதம், பச்சைல 0.1 சதவீதம், அவ்வளவுதான் இருந்துச்சு. அடுத்த வருஷமே கொரியாவுல டே-வூ லீ க்ரூப்பு பச்சைல 8.53க்குக் கொண்டு போயிட்டாங்க. 2018ல ஒரே சமயத்துல ரெண்டு மூணு டீம் 20 சதவீதத்தைத் தாண்டினாங்க, 2024ல நியர் இன்ஃப்ராரெட்ல 32 சதவீதம் வந்துடுச்சு. பத்து வருஷத்துல 0.76ல இருந்து 32. ஃபோன் ஸ்கிரீன்ல வர்ற ஓஎல்ஈடி இந்த தூரத்தைக் கடக்க எவ்வளவு காலம் எடுத்துக்கிச்சுன்னு தெரிஞ்சவங்களுக்கு இது என்ன வேகம்னு புரியும்.

இதுல நமக்கு என்ன பாடம்னா, ஈக்யூஈ ரேஸ்ல நாம ஓடி ஒண்ணும் ஆகப்போறதில்ல. 32ஐ 33 ஆக்குறது பெரிய லேப் சமாச்சாரம், அங்க நாலு க்ளவ்பாக்ஸ் வரிசையா நிக்கும், வாரத்துக்கு நூத்துக்கணக்குல டிவைஸ் போடுவாங்க, அதுல நல்லா வந்த ஒண்ணு பேப்பர்ல ஏறும். ஸ்டெபிலிட்டி அப்படி இல்ல, அதுல இன்னும் எக்கச்சக்க எடம் காலியா கெடக்கு, அதுவும் ஏன் சாகுதுன்னு பொறுமையா பாக்குற வேலைக்கு மெஷின் கொஞ்சம் கம்மியா இருந்தாலும் ஓட்டிடலாம்.

ஆனாலும் ஈக்யூஈ எங்கிருந்து வருதுன்னு தெரியாம ரூட்டு தேர்ந்தெடுக்க முடியாது. மூணு விஷயத்தோட பெருக்கல் அது. எலக்ட்ரானும் ஹோலும் சரிசமமா வந்து சேருதா, சேர்ந்ததுல எத்தனை வெளிச்சமா மாறுது, மாறின வெளிச்சத்துல எவ்வளவு கண்ணாடியைத் தாண்டி வெளிய வருது. மூணாவது ரொம்ப பேர் மறந்துடற விஷயம். பெரோவ்ஸ்கைட்டோட ரிஃப்ராக்டிவ் இண்டெக்ஸ் (ஒளி எவ்வளவு வளையும்ங்கற எண்) 2.3 பக்கத்துல இருக்குன்னு வெச்சுக்கிட்டு பாடப்புத்தகக் கணக்குப் போட்டா வெளிய வர்றது 9-10 சதவீதம்தான். அப்புறம் எப்படி 20, 30 வருதுன்னா, ஃபிலிம் ரொம்ப மெல்லிசா இருக்கிறதால இன்டர்ஃபியரன்ஸ் உதவி பண்ணுது, உள்ளயே மாட்டிக்கிட்ட ஃபோட்டானைப் பெரோவ்ஸ்கைட்டே திரும்ப உறிஞ்சி மறுபடி உமிழுது, சில டிவைஸ்ல ஃபிலிம் தீவு தீவா இருக்கிறதால வெளிச்சம் சிதறி வெளிய தப்பிச்சுடுது. 2018ல சீனாவுல ஜியான்பு வாங், வெய் ஹுவாங் டீம் காட்டின 20.7 சதவீதம் இந்தத் தீவு வித்தையாலதான், ஃபிலிம் போடற ப்ரீகர்சர் கரைசல்ல 5-அமினோவலெரிக் ஆசிட் கொஞ்சம் சேர்த்தாங்க, சப்மைக்ரான் சைஸ்ல தட்டுத் தட்டா படிகம் தானா வந்துடுச்சு, லித்தோகிராஃபி கிடையாது ஒண்ணும் கிடையாது. காசில்லாத லேப்புக்கு இது எவ்வளவு பெரிய சேதி!

இப்ப ஆயுசுக்கு வருவோம், சண்டையே இங்கதான். பேப்பர்ல டி50ன்னு போடுவாங்க, ஆரம்ப வெளிச்சம் பாதியாகுற நேரம். எந்த வெளிச்சத்துல ஆரம்பிச்சாங்கன்னு பாக்காம அந்த நம்பரைப் படிக்கவே கூடாது. 2018ல 20.3 சதவீதம் காட்டின பச்சை டிவைஸோட டி50, 100 நிட்ல (நிட்ங்கறது வெளிச்சத்தோட அளவு) 100 மணி நேரத்துச் சொச்சம். 2022ல டே-வூ லீ க்ரூப்பு போட்டது 28.9 சதவீதம், 1000 நிட்ல 520 மணி நேரம், 100 நிட்டுக்கு 30,000 மணி நேரத்துக்கு மேலன்னு மதிப்பீடு. இந்த 30,000ங்கறது யாரும் மூணு வருஷத்துக்கு மேல உக்காந்து பாத்த நம்பர் இல்ல, அதிக வெளிச்சத்துல சீக்கிரம் சாகடிச்சு அதுல இருந்து பின்னாடி கணக்குப் போட்டது. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க, தப்புன்னு சொல்லல. ஆனா கணக்கைக் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க. வெளிச்சம் பத்துல ஒண்ணா குறைஞ்சா ஆயுசு எத்தனை மடங்கு கூடும்ங்கறது ஒரு அடுக்கு எண்ணைப் பொறுத்தது. 520ல இருந்து 30,000 போகணும்னா அந்த அடுக்கு கிட்டத்தட்ட 1.76. அதுவே 1.5ன்னு வெச்சா 16,400 மணி நேரம்தான் வருது. அடுக்கு 0.26 நகர்ந்ததுக்கு ஆயுசுல ஏறக்குறைய பாதி போயிடுச்சு. அதனால அடுக்கை உங்க சொந்த டிவைஸ்ல நாலஞ்சு வெளிச்சத்துல அளந்து எடுக்காம வேற பேப்பர்ல இருந்து கடன் வாங்கினா அந்த டி50க்கு அர்த்தமே இல்ல.

சரி, ஏன் சாகுது? முதல் வில்லன் அயனி நகர்றது. பெரோவ்ஸ்கைட்ல ஹாலைடு அயனி ஆணி அடிச்ச மாதிரி உக்காந்திருக்காது, பக்கத்துல காலி எடம் இருந்தா வோல்டேஜ் குடுத்ததும் நகர ஆரம்பிச்சுடும், நகர்ந்து போய் எலக்ட்ரோடுக்குப் பக்கத்துல குவியும், மெட்டலோட வேலை காட்டும், விட்டுட்டுப் போன எடத்துல புதுசா டிஃபெக்ட் (படிகத்துல குறை) வரும், அந்த டிஃபெக்ட் வெளிச்சத்தைச் சாப்பிட்டு சூடா மாத்தும், சூடு அயனியை இன்னும் வேகமா நகர்த்தும். ஒண்ணு இன்னொண்ணைத் தள்ளிவிடற சங்கிலி இது. ஈரமும் ஆக்சிஜனும் வெளிய இருந்து வர்ற எதிரி, அதைக் கண்ணாடி மூடியால தடுத்துடலாம். அயனி வீட்டுக்குள்ளயே இருக்கிற எதிரி, எந்த எப்பாக்ஸியும் அதை நிறுத்தாது. அதனாலதான் "நல்லா மூடி சீல் வெச்சு என்காப்சுலேட் பண்ணிட்டா போதும்"னு யாராவது சொன்னா எனக்கு நம்பிக்கை வர்றதில்ல, என்காப்சுலேஷன் கட்டாயம் வேணும், ஆனா அது ரூட்டு ஆகாது.

நம்ம ஊர் சமாச்சாரம் ரெண்டு இருக்கு, அதையும் தராசுல போடணும். ஒண்ணு ஈரப்பதம். பிப்ரவரியில டர்பன் எப்படி இருக்கும்னு சொல்ல வேண்டியதில்ல, சட்டை போட்டு வாசலைத் தாண்டுறதுக்குள்ள முதுகுல ஒட்டிக்கும். க்ளவ்பாக்ஸுக்குள்ள எல்லாம் ஒண்ணுதான், ஆனா ஃபிலிமை வெளிய எடுத்து படிக அமைப்பு பாக்குற எக்ஸ்ஆர்டிக்கோ மைக்ராஸ்கோப்புக்கோ தூக்கிட்டுப் போற வழியில நம்ம காத்து அதைத் தொடுது. ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் குளிர்காலக் காத்து காஞ்சு கெடக்கும், அங்க இருக்கிறவங்களுக்கு இந்தக் கவலை பாதிதான். ரெண்டாவது லோட்ஷெட்டிங், அதாவது நேரம் போட்டு பண்ற கரண்ட் கட். 2022, 2023ல ஸ்டேஜ் 6 வரைக்கும் போச்சு, 2024 மார்ச் கடைசிக்கு அப்புறம் நீண்ட காலம் நிம்மதியா இருந்தாலும் யாரும் அதை நம்பி ப்ளான் போடறதில்ல. கரண்ட் போனா க்ளவ்பாக்ஸ் சர்க்குலேஷன் நிக்கும், ஆக்சிஜன் ரீடிங் 0.1 பிபிஎம்ல இருந்து மெதுவா ஏற ஆரம்பிக்கும், அதுக்கு ஒரு இன்வர்ட்டர் வெச்சு சமாளிச்சுடலாம். ஆனா எவாப்பரேட்டர்ல அலுமினியம் ஏறிக்கிட்டு இருக்கிறப்போ கரண்ட் போனா அந்த பேட்ச் மொத்தமும் குப்பை. எவாப்பரேட்டர்ல எத்தனை லேயர் போடணுமோ அத்தனை ரிஸ்க்.

இனி ரூட்டுங்களைப் பாக்கலாம். நானோகிரிஸ்டல் கட்சி ரொம்ப கவர்ச்சியான கட்சி. 2015ல கோவலென்கோ க்ரூப்பு சீசியம் லெட் ஹாலைடு நானோகிரிஸ்டலை ஹாட் இன்ஜெக்‌ஷன்ல பண்ணிக் காட்டினதுல இருந்து இந்த ஏரியாவே பத்திக்கிச்சு. குப்பியில யூவி டார்ச் அடிச்சா கண்ணைப் பறிக்கிற பச்சை, ஸ்பெக்ட்ரம் ஊசி மாதிரி குறுகல், கரைசல்ல குவாண்டம் யீல்டு (உறிஞ்சின ஒளியில திரும்ப வெளிச்சமா வர்ற பங்கு) 90 சதவீதம் வரைக்கும். ஓப்பன் டேவுக்கு வர்ற ஸ்கூல் பசங்களும் அப்பா அம்மாவும் வாயைப் பொளந்து பாப்பாங்க, அதுக்கு இதைவிட நல்ல ஐட்டம் கிடையாது. ஃபிளாஸ்க், ஹீட்டிங் மேன்டில், நைட்ரஜன் லைன் இருந்தா பாதி வேலை ஃப்யூம் ஹுட்லயே முடிஞ்சுடும், கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட்ல இருந்து வர்ற பசங்களுக்குக் கை பழகின வேலை.

பிரச்சனை ஃபிலிம் போடறப்போ ஆரம்பிக்குது. படிகத்தைச் சுத்தி ஓலெயிக் ஆசிட், ஓலெயிலமின்னு நீள வால் மாலிக்யூல் (லிகண்ட்) ஒட்டிக்கிட்டு இருக்கும். அது கரண்ட்டைக் கடத்தாது, அதனால கழுவணும். கழுவினா லிகண்டோட சேர்ந்து மேல்பரப்பு ஹாலைடும் போயிடும், காலி எடம் வரும், வெளிச்சம் குறையும். கழுவலைன்னா வோல்டேஜ் ஏறும், சூடு ஏறும். எத்தனை தடவை கழுவணும், எந்த ஆன்ட்டிசால்வென்ட்ல (பெரோவ்ஸ்கைட்டைக் கரைக்காத திரவம்), எவ்வளவு வேகமா சுத்தணும்ங்கறதெல்லாம் பேட்சுக்குப் பேட்ச் மாறும், ஒரு பிஎச்டி பையன் கை பழகி கிளம்பிப் போயிட்டான்னா அவனோட அந்தக் கைப்பக்குவமும் ஏர்போர்ட் ஏறிடும். இதுல நல்ல சேதியும் இருக்கு, 2021ல ஃபார்மமிடினியம்ங்கற ஆர்கானிக் பாசிட்டிவ் அயனி எடத்துல கொஞ்சம் குவானிடினியம் போட்டு பச்சைல 23.4 சதவீதம் கொண்டு வந்தாங்க, குவானிடினியம் மேல்பரப்புல போய் உக்காந்து அதை நிலைப்படுத்துது. ரூட்டு செத்துப்போச்சுன்னு நான் சொல்லல. ஆனா நம்ம கேள்வி ஆயுசுன்னா, நானோகிரிஸ்டல்ல சாகுறதுக்குக் காரணம் லிகண்டா, அயனியா, சூடான்னு பிரிச்சுப் பாக்குறது படு கஷ்டம், எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிக்கிட்டு கெடக்கும்.

குவாசி-2டிக்கு வருவோம். பீனைல்எத்தில்அமோனியம் மாதிரி பெரிய ஆர்கானிக் அயனியைக் கலந்தா பெரோவ்ஸ்கைட் அடுக்கடுக்கா உடையும், சில எடத்துல ஒரு அடுக்கு, சில எடத்துல ரெண்டு, மூணு, நிறைய. மெல்லிசான அடுக்குக்கு பேண்ட்கேப் (வெளிச்சத்தோட எனர்ஜியைத் தீர்மானிக்கிற இடைவெளி) அதிகம், தடிச்ச அடுக்குக்குக் கம்மி, அதனால எனர்ஜி எல்லாம் கூரையில விழற மழை கட்டர் வழியா ஜோஜோ தண்ணி டேங்குக்குள்ள எறங்குற மாதிரி தடிச்ச அடுக்குக்கே ஓடி வந்து சேரும். கம்மி கரண்ட்லயே எல்லாம் ஒரே எடத்துல குவியறதால டிஃபெக்ட் எடமெல்லாம் சீக்கிரம் நெரம்பிடும், மிச்சம் வர்றது நல்ல வெளிச்சமா மாறுது. 2016லயே டொரன்டோல சார்ஜென்ட் க்ரூப்பு நியர் இன்ஃப்ராரெட்ல 8.8 சதவீதம், அதே வருஷம் ஜியான்பு வாங் டீம் 11.7 சதவீதம்னு காட்டினாங்க. பெரிய ஆர்கானிக் வால் தண்ணியைத் தள்ளி நிறுத்தும், அயனி நகர்றதையும் கொஞ்சம் மட்டுப்படுத்தும், டர்பன் காத்துக்கு ஃபிலிம் தாக்குப் பிடிக்கிறதைப் பாத்தா ஆசையா இருக்கும்.

ஆனா அந்த டேங்குலயே சிக்கல். எல்லாம் ஒரே எடத்துல குவிஞ்சா ஓஜே ரீகாம்பினேஷன் ஏறும், அதாவது எலக்ட்ரானும் ஹோலும் சேர்ந்து வெளிச்சம் தர்றதுக்குப் பதிலா அந்த எனர்ஜியைப் பக்கத்துல நிக்கிற மூணாவது ஆளுக்குக் குடுத்துடும், அது சூடாதான் முடியும். கரண்டை ஏத்த ஏத்த ஈக்யூஈ சறுக்கும். 2021ல ஆர்கானிக் அயனியில ஃப்ளோரின் ஒண்ணைச் சேர்த்து இந்த ஓஜேவைக் குறைச்சு 20.36 சதவீதமும் 82,000 நிட்டுக்கு மேலயும் கொண்டு வந்தாங்க, அழகான வேலை. ஆனாலும் எந்த அடுக்கு எவ்வளவு வருதுன்னு கட்டுப்படுத்துறது ஸ்பின் பண்றப்போ ஆன்ட்டிசால்வென்ட் விடற அந்த ஒண்ணு ரெண்டு செகண்டுலதான் இருக்கு. ஒரே கரைசல், ஒரே ஆளு, மத்தியானம் போட்ட ஃபிலிமும் சாயங்காலம் போட்ட ஃபிலிமும் வேற வேற ஸ்பெக்ட்ரம் காட்டும். என் கணக்குல குவாசி-2டி நீலத்துக்குன்னா சரி. நீலத்துல குளோரைடும் புரோமைடும் கலந்தா வோல்டேஜ் குடுத்ததும் ரெண்டும் பிரிஞ்சு கலர் பச்சைப் பக்கம் ஓடும், குவாசி-2டில புரோமைடு மட்டும் வெச்சே நீலத்துக்குப் போக ஒரு வழி இருக்கு. ஆனா நீலம் இந்த மொத்தக் குடும்பத்துலயே பின்தங்கின பிள்ளை, முதல் ப்ராஜெக்டா அதை எடுக்கிறவங்களுக்குத் தைரியம் ஜாஸ்தி.

அடுத்தது நான் ஓட்டுப் போடற ரூட்டு. அடுக்கா உடையாத சாதாரண 3டி ஃபிலிம், அதுல சரியான அடிட்டிவ் (கொஞ்சமா சேர்க்கிற கூடுதல் மாலிக்யூல்). கேக்குறதுக்கு சப்புன்னு இருக்கும். ஆனா மேல சொன்ன பெரிய நம்பர்ல பாதிக்கு மேல இந்த வழிலதான் வந்திருக்கு. அடிட்டிவ் என்ன பண்ணுதுன்னா, படிக எல்லையில லெட் அயனி ஜோடி இல்லாம வெறிச்சுன்னு நிக்கிற எடத்துல அமின், கார்பாக்சில், ஃபாஸ்ஃபோனிக்னு அடிட்டிவ்ல இருக்கிற ஏதோ ஒரு வேதித் தொகுதி (க்ரூப்பு) போய் பிடிச்சுக்கும், டிஃபெக்ட் அடங்கும், அயனி நகர்ற காலி எடமும் குறையும். ஒரே மாலிக்யூல் ஈக்யூஈக்கும் ஆயுசுக்கும் சேர்த்து வேலை செய்யுது, இதுதான் இந்த ரூட்டோட பெரிய பலம். 2022 பச்சை டிவைஸ்ல பென்சைல்ஃபாஸ்ஃபோனிக் ஆசிட் அப்படித்தான், ஃபிலிம் போட்டப்புறம் அது உள்ள புகுந்து பெரிய படிகத்தைச் சின்னச் சின்னதா வெட்டி ஒவ்வொண்ணையும் சுத்தி ஒரு ஓடு கட்டிடுது. நானோகிரிஸ்டலோட நன்மை, ஆனா கழுவற தலைவலி இல்ல.

எந்த அடிட்டிவ்ங்கறதுல ஒரு நுணுக்கம் இருக்கு, இதைக் கொஞ்சம் நின்னு பாக்கணும். அமின் க்ரூப்பு டிஃபெக்டைப் பிடிக்கும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அதே அமின் ஃபார்மமிடினியத்தோட ஹைட்ரஜன் பாண்ட் போட்டுக்கிட்டு அங்கயே உக்காந்துட்டா டிஃபெக்டுக்குப் போகாது. 2019ல ஸ்வீடன்ல ஃபெங் காவ் க்ரூப்பு என்ன பண்ணாங்கன்னா மாலிக்யூலோட சங்கிலியில ஆக்சிஜனைச் சொருகி அந்த ஹைட்ரஜன் பாண்டைப் பலவீனமாக்கினாங்க, அமின் விடுபட்டு டிஃபெக்டைப் பிடிச்சுச்சு, 21.6 சதவீதம் வந்துச்சு. ரெண்டு பக்கமும் அமின்தான், நடுவுல ஆக்சிஜன் இருக்கா இல்லையாங்கறதுதான் முக்கிய வித்தியாசம். இப்படி ரெண்டு மாலிக்யூலைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒப்பிடற வேலை எம்எஸ்சி தீசிஸுக்குன்னே செஞ்சது மாதிரி, புது மெஷின் ஒண்ணும் வேண்டாம், கேட்டலாக்ல பாத்து பாட்டில் வாங்கினா போதும்.

3டிக்குள்ளயும் பச்சையா, நியர் இன்ஃப்ராரெட்டான்னு ஒரு கேள்வி இருக்கு. பச்சைன்னா டிஸ்ப்ளேக்குப் போகும், ரெக்.2020ங்கற டிவி கலர் தரம் கேக்குற 532 நானோமீட்டர் பக்கத்துலயே ஃபார்மமிடினியம் லெட் புரோமைடு எரியும், பேப்பர்ல படம் அழகா வரும். ஆனா பச்சையில வழக்கமான அடுக்குல அடியில பெடாட்-பிஎஸ்எஸ்ங்கற கடத்துற பாலிமர் வரும், அது ஆசிடு, ஈரத்தை இழுக்கும், கீழ இருக்கிற ஐடிஓ எலக்ட்ரோடைக் கொஞ்சம் கொஞ்சமா அரிச்சு இண்டியத்தை மேல விடும். அதுமட்டுமில்லாம மேல எலக்ட்ரான் கடத்துற டிபிபிஐ, லித்தியம் ஃப்ளோரைடு, அலுமினியம்னு மூணையும் எவாப்பரேட்டர்ல ஏத்தணும், லோட்ஷெட்டிங் கதை ஞாபகம் வெச்சுக்கோங்க. நியர் இன்ஃப்ராரெட்ல அடுக்கு தலைகீழ். அடியில ஜிங்க் ஆக்சைடு, அதுமேல மெல்லிசா பிஈஐஈங்கற பாலிமர், ஃபார்மமிடினியம் லெட் அயோடைடு, ஹோல் கடத்துற பாலிமர் டிஎஃப்பி, இவ்வளவும் ஸ்பின் கோட்டர்லயே முடிஞ்சுடும். கடைசியில மாலிப்டினம் ஆக்சைடும் தங்கமும் மட்டும்தான் எவாப்பரேட்டர். தங்கம் விலை வேறன்னு கேட்டா, ஆமா வலிக்கும், ஆனா போடறது நானோமீட்டர் கணக்குல, அயோடைடுக்கு அலுமினியத்தை விட அது நல்லாவே தாக்குப் பிடிக்கும்.

நியர் இன்ஃப்ராரெட்ல ஆயுசு எங்க நிக்குதுன்னு பாத்தா இன்னும் தெளிவாகும். 2022ல ஹாங்சோவுல டாவெய் டி, பாவ்டான் ஜாவ் டீம் ஒரு முனையில பாசிட்டிவையும் இன்னொரு முனையில நெகட்டிவையும் பிடிக்கிற டைபோலார் மாலிக்யூல் ஒண்ணைச் சேர்த்தாங்க, சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிஆம்ப்ல 3600 மணி நேரம், அதாவது அஞ்சு மாசம், தொடர்ந்து எரிஞ்சும் தேயல. இது கணக்குப் போட்டு நீட்டின நம்பர் இல்ல, உக்காந்து பாத்தது. ஈக்யூஈ 22.8. 2024ல வந்த 32 சதவீதத்தை விட எனக்கு இந்த அஞ்சு மாசம்தான் பெருசு. காரணமும் தெளிவா இருக்கு, பாசிட்டிவ் அயனி, நெகட்டிவ் அயனி ரெண்டையும் கட்டிப்போட்டதால நகர்றது நின்னுச்சு. வழி இருக்குன்னு அவங்க காட்டிட்டாங்க, அதே வேலையை ஈஸியா கிடைக்கிற வேற மாலிக்யூல் செய்யுமா, 5க்குப் பதிலா 50 மில்லிஆம்ப் குடுத்தா என்ன ஆகும், நம்ம ஊர் காத்துல சீல் பண்ணின டிவைஸ் எப்படி நடந்துக்கும்னு கேள்வி வரிசையா நிக்குது.

இந்த ரூட்டோட வலியையும் சொல்லிடணும். ஃபார்மமிடினியம் லெட் அயோடைடோட கறுப்பு ஃபேஸ் (படிக வடிவம்) ரூம் டெம்பரேச்சர்ல இயல்பா நிக்க விரும்பாது, அதுக்குப் புடிச்சது மஞ்சள் ஃபேஸ், அந்த மஞ்சள்ல பைசா வெளிச்சம் வராது. ஈரம் பட்டா மாற்றம் இன்னும் வேகம். ஹாட்பிளேட்ல வெச்ச சில செகண்டுல ஃபிலிம் பழுப்பேறி கறுக்கும், பாக்கவே திருப்தியா இருக்கும், அதையே மூடாம பெஞ்சுல வெச்சுட்டு வீட்டுக்குப் போனா மழைக்கால ராத்திரில ஓரத்துல இருந்து மஞ்சள் ஏறி நடுவுக்கு வந்துக்கிட்டிருக்கும். எந்த அடிட்டிவ் போட்ட ஃபிலிம் மெதுவா மஞ்சளாகுதுங்கறதே ஒரு அளவுகோல், ஃபோன் கேமராவை ஸ்டாண்டுல நிறுத்தி டைம்லாப்ஸ் எடுத்தா போதும், சாட்ஸ்வர்த் தங்கச்சிக்கு முதல் மாச வேலையா நான் இதைத்தான் குடுப்பேன். டர்பன் ஈரம் இந்த டெஸ்டுக்கு இலவசமா கிடைக்கிற ஹ்யூமிடிட்டி சேம்பர், பிரிட்டோரியாக்காரங்க காசு குடுத்து வாங்கணும்.

ஜிங்க் ஆக்சைடும் கொஞ்சம் விஷமக்காரன், பெரோவ்ஸ்கைட்டோட ஆர்கானிக் பாசிட்டிவ் அயனியில இருந்து புரோட்டானைப் பிடுங்கிடும். மெத்தில்அமோனியம் வெச்சா அதோட கதை கந்தல். ஃபார்மமிடினியத்துல அயோடைடு உப்பைக் கொஞ்சம் கூடுதலா போட்டு, நடுவுல பிஈஐஈ வெச்சா ஹாட்பிளேட்ல சூடு பண்றப்போ அந்தப் பிடுங்கலே மிச்ச உப்பைக் காலி பண்ணி உதவியாவும் மாறுது. அளவு தப்பினா மறுபடி தொல்லை. அதனால அடிட்டிவை மாத்தறப்போ உப்பு விகிதத்தையும் சேர்த்து மாத்திடாதீங்க, எதால என்ன நடந்துச்சுன்னே தெரியாம போயிடும்.

லெட் இல்லாத டின் பெரோவ்ஸ்கைட்டைப் பத்தியும் ஒருத்தர் கேட்டாரு. லெட் வேண்டாம்ங்கறது நல்ல காரணம்தான், ஆனா டின் 2+ல இருந்து 4+க்கு ஆக்சிடைஸ் ஆகத் துடிச்சுக்கிட்டே இருக்கும், கரண்ட் போய் க்ளவ்பாக்ஸ்ல ஆக்சிஜன் ஏறுற ஊருக்கு அது சரிப்படாது. லெட்டை ஒழுங்கா கையாண்டு, கழிவை தனி ஜாடியில லேபிள் ஒட்டி வெச்சு, டிஎம்எஃப்ங்கற கரைப்பான் கையில படாம பாத்துக்கிட்டா போதும், சின்க்ல மட்டும் ஒரு சொட்டு போகக் கூடாது.

நியர் இன்ஃப்ராரெட்டுக்கு எதிரா வர்ற வாதம் ஒண்ணுதான், எரியறது கண்ணுக்குத் தெரியாது. 800 நானோமீட்டர் பக்கம் கண்ணுக்கு மங்கலா ஒரு செவப்புச் சாயல், அவ்வளவுதான். டீனைக் கூட்டிட்டு வந்து காட்டினா "எரியுதா?"ன்னு கேப்பாரு. ஃபோன் செல்ஃபி கேமராவுல காட்டினா ஊதா கலந்த வெள்ளையா தெரியும், அத வெச்சு சமாளிங்க. நிட்டுல அளக்க முடியாது, ரேடியன்ஸ்ல (வெளிய வர்ற ஒளி சக்தியோட அளவு) சொல்லணும், அதுவும் சிலிக்கான் ஃபோட்டோடையோடு ஒண்ணு இருந்தா முடியற காரியம்தான். உபயோகம் என்னன்னா நைட் விஷன் லைட்டு, தோலுக்குள்ள ரத்த ஓட்டம் பாக்குற சென்சார் மாதிரி. டிவி அளவுக்குப் பெரிய மார்க்கெட் இல்ல, ஒத்துக்கறேன். ஆனா டிவி மார்க்கெட்டை நாமளா பிடிக்கப்போறோம்?

காசு எங்க போகணும்ங்கறதுல என் கருத்து கொஞ்சம் முரட்டுத்தனமா இருக்கும். புது ஸ்பின் கோட்டர் வேண்டாம், ஆயுசு அளக்குற ரிக் வேணும். ஒரே நேரத்துல நிறைய டிவைஸைத் தனித்தனியா கான்ஸ்டன்ட் கரண்ட்ல ஓட்டணும், ஒவ்வொண்ணுக்கு மேலயும் ஒரு ஃபோட்டோடையோடு, டெம்பரேச்சர் சென்சார், எல்லாம் ஒரு சின்ன கன்ட்ரோலர் போர்டுல சேர்ந்து பதிவாகணும், முழுசும் தனி பேட்டரியில. கரண்ட் போய் வந்தா டிவைஸ் அணைஞ்சு மறுபடி எரியும், அயனி அந்த இடைவெளியில பழைய எடத்துக்குத் திரும்பி வெளிச்சம் கொஞ்சம் மீண்டு வரும், க்ராஃப்ல டிவைஸ் நல்லா இருக்கிற மாதிரி ஏமாத்தும். பேட்டரி இல்லாத ரிக்ல எடுத்த டி50ஐ நான் நம்ப மாட்டேன். இன்னொண்ணு, பெரோவ்ஸ்கைட் டிவைஸ் பல நேரம் முதல்ல வெளிச்சம் ஏறி அப்புறம்தான் இறங்கும், அதனால பாதின்னா ஆரம்பத்துல பாதியா, உச்சத்துல பாதியான்னு முதல்லயே முடிவு பண்ணி எழுதி வெச்சுக்கோங்க. வோல்டேஜை ஏத்தறப்போ ஒரு நம்பர், இறக்கறப்போ வேற நம்பர் வரும், ரெண்டையும் பதிவு பண்ணுங்க. நேர் எதிர்ல மட்டும் டிடெக்டர் வெச்சு மத்த கோணத்தை அனுமானத்துல போட்டா ஈக்யூஈ நிஜத்தை விடப் பெருசா தெரியலாம், வருஷத்துக்கு ஒரு தடவையாவது எல்லாத் திசை வெளிச்சத்தையும் சேர்த்து அளக்குற இன்டகிரேட்டிங் ஸ்பியர் வெச்சிருக்கிற லேப்புக்கு டிவைஸைத் தூக்கிட்டுப் போய் சரிபார்க்கணும்.

இந்த முடிவை எப்ப மாத்துவேன்னும் சொல்லிடறேன், மீட்டிங்ல அதைத்தான் திரும்பத் திரும்பக் கேக்குறாங்க. ஃபிலிமோட குவாண்டம் யீல்டு நல்லா ஏறியும் டிவைஸ்ல ஈக்யூஈ அசையலைன்னா தப்பு பெரோவ்ஸ்கைட்ல இல்ல, எலக்ட்ரானும் ஹோலும் சமமா வரல, டிஎஃப்பி தடிமனையும் பிஈஐஈயையும் பாருங்க, ரூட்டை மாத்தாதீங்க. ஈக்யூஈ வந்து ஆயுசு மட்டும் வரலைன்னா சின்ன ஏரியா டிவைஸை விட்டு விட்டுப் பல்ஸ்ல ஓட்டிப் பாருங்க, அப்ப நல்லா நின்னா சூடு காரணமா இருக்கலாம் (இடைவெளியில அயனியும் திரும்பும்ங்கறதை மறக்காதீங்க), கண்ணாடிக்குப் பதிலா சூட்டை சீக்கிரம் கடத்துற அடித்தட்டு தேடணும். பல்ஸ்லயும் அதே வேகத்துல செத்தா அயனி மேலதான் சந்தேகம், அடிட்டிவை மாத்துங்க. மாத்தி மாத்திப் பாத்தும், நல்லா மூடி சீல் பண்ணியும் ஃபிலிம் மஞ்சளாகறதே நிக்கலைன்னா, அப்ப பச்சைக்கு, பென்சைல்ஃபாஸ்ஃபோனிக் வழிக்குத் தாவிக்கலாம், அந்த ரிக்கு அங்கயும் அப்படியே உதவும், ஃபோட்டோடையோடு காலிப்ரேஷன் மட்டும் புதுசா போடணும்.